முதலில் டிஷ்வாஷர், கடைசியில் ஷட்டர்: அலமாரிக்குள் பொருந்தும் இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

ஒரு வீட்டில் எல்லா வேலையும் முடிந்திருந்தது. கிரானைட் மெருகு போட்டாகிவிட்டது, ஷட்டர்களுக்கு, அதாவது அலமாரிக் கதவுகளுக்கு, மைக்கா ஒட்டியாகிவிட்டது, டிஷ்வாஷருக்கு என்று 2 அடி இடமும் விட்டிருந்தார்கள். இயந்திரம் வந்து இறங்கியது. உள்ளே போகவில்லை. தரைக்கும் கல்லுக்கும் நடுவே ஆசாரி சரியாக 32 இன்ச் விட்டிருந்தார். 32 இன்ச் என்றால் 813 மி.மீ. இயந்திரத்தின் கால்களை முழுக்க உள்ளே திருகினாலும் அதன் உயரம் 815 மி.மீ. அந்த 2 மி.மீ.க்காகத் தரை டைல்ஸை உடைத்தார்கள்.

சென்னையில் சமையலறை அலமாரி வேலைகளைப் பல வருடங்களாக முன்னின்று பார்த்து வருகிறேன். புதிதாக வாங்குபவர்கள் தடுக்கி விழும் இடங்கள் ஏறத்தாழ ஒன்றேதான். எதை எதற்குமுன் செய்ய வேண்டும் என்பதில்தான் பிசகுகிறது. அதனால் வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். நடுவில் ஒரு படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

0. கையில் இருக்க வேண்டியவை

மி.மீ. கோடு தெளிவாகத் தெரியும் டேப், ரசமட்டம், 10 லிட்டர் பக்கெட், தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கும் கிட், சமையலறை வரைபடம், உங்கள் வீட்டின் பெரிய வாணலி ஒன்று. வாணலி எதற்கு என்று 6ஆம் படியில் சொல்கிறேன்.

எல்லா அளவையும் மி.மீ.யில் மட்டும் எழுதுங்கள். ஆசாரி இன்ச்சிலும் நூலிலும் பேசுவார். தயாரிப்பாளர் தரும் அளவுத் தாள் மி.மீ.யில் இருக்கும். ஒரு நூல் என்பது 3 மி.மீ.க்குச் சற்றே கூடுதல். இப்படி மாற்றி மாற்றி எழுதும்போதுதான் மேலே சொன்ன 2 மி.மீ. காணாமல் போகிறது.

1. உங்கள் பின்கோடுக்கு சர்வீஸ் வருகிறதா என்று கேளுங்கள்

இது முதல் படியாக இருக்கக் காரணம் உண்டு. அலமாரிக்குள் பதிக்கும் இயந்திரம் பழுதானால் நீங்களே இழுத்து வெளியே வைத்துக் காட்ட முடியாது. கீழே உள்ள ஸ்கர்ட்டிங் பலகையைக் கழற்றி, பக்கத்துத் திருகுகளை எடுத்து, ஷட்டரோடு சேர்த்து வெளியே இழுக்கத் தெரிந்த ஆள் வர வேண்டும்.

தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் எண்ணை நேரடியாக அழைத்து மூன்று கேள்வி கேளுங்கள். பதித்த மாடலுக்கு என் ஊரில் ஆள் உண்டா? தண்ணீரைப் பீய்ச்சும் மோட்டாரும் வடிகால் பம்பும் கையிருப்பில் இருக்குமா, வரவழைக்க வேண்டுமா? பொருத்தும் வேலையைக் கம்பெனி ஆள் செய்வாரா, கடைக்காரர் அனுப்பும் ஆள் செய்வாரா? கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச்சிலிருந்து, ஒரு மாடல் விற்பனையிலிருந்து போன பிறகும் மோட்டார், பம்பு போன்றவை 7 வருடமும், கதவுக் கீல், ரப்பர், தட்டு போன்றவை 10 வருடமும் கிடைக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. நம் ஊருக்கு அந்த விதி பொருந்தாது. அதனால் இந்தக் கேள்விகளை நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பதில் திருப்தியாக இல்லையென்றால் என் கருத்து இதுதான்: அந்த ஊரில் முழுக்கப் பதிக்கும் மாடல் வேண்டாம். தனியாக நிற்கும் மாடலை வாங்கி, மேடைக்கு அடியிலோ பால்கனிப் பக்கமோ வையுங்கள். அழகு கொஞ்சம் குறையும், நிம்மதி கூடும்.

2. தண்ணீரைச் சோதியுங்கள்: அழுத்தம், அப்புறம் கடினத்தன்மை

இயந்திரம் நீண்ட நாள் உழைக்குமா என்பதைப் பிராண்டைவிட அதிகமாகத் தீர்மானிப்பது உங்கள் குழாய்த் தண்ணீர். மாடல் பார்க்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். எந்த மாடல்களைப் பட்டியலிலிருந்து அடிக்க வேண்டும் என்று இதுவே சொல்லிவிடும்.

அழுத்தம்: பெரும்பாலான இயந்திரங்கள் குறைந்தது 0.5 பார் கேட்கின்றன; சில மாடல்கள் அதற்குக் குறைவாகவும் ஏற்கும். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் தரும். அப்படியென்றால் 0.5 பாருக்குத் தொட்டித் தண்ணீர் 5 மீட்டர் மேலே இருக்க வேண்டும். அடுக்குமாடியின் கடைசி மாடியில் இருப்பவர்களுக்குத் தலைக்கு மேல் 3, 4 மீட்டரில்தான் தொட்டி. அங்கே இயந்திரம் தண்ணீர் எடுக்க முடியாமல் நடுவில் நின்று பிழை காட்டும். இயந்திரம் பழுது என்று நினைத்து ஆளைக் கூப்பிடுவார்கள். குறை குழாயில்தான் இருக்கும்.

சோதிப்பது எளிது. இயந்திரத்துக்கு இணைக்கப் போகும் குழாயை முழுக்கத் திறந்து 10 லிட்டர் பக்கெட்டைப் பிடியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் கவலை இல்லை. கணிசமாகத் தாமதமானால் பிரஷர் பம்ப் போடத் திட்டமிடுங்கள், அல்லது குறைந்த அழுத்தத்தை ஏற்கும் மாடலாகத் தேடுங்கள்.

கடினத்தன்மை: இங்கே பலரும் செய்யும் தவறு, வாட்டர் ஃபில்டர்காரர் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்து முடிவு செய்வது. டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்த எல்லா உப்புகளின் மொத்தம். கடினத்தன்மை என்பது அதில் கால்சியமும் மக்னீசியமும் மட்டும். கண்ணாடி டம்ளரில் படியும் வெள்ளைப் பொருக்கும் ஹீட்டரில் ஏறும் படிவும் இவற்றால் வருபவை. சொட்டு மருந்து விட்டு நிறம் மாறும்வரை எண்ணும் கிட் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். போர் தண்ணீரையும் மாநகராட்சித் தண்ணீரையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டும் ஒரே தொட்டியில் கலந்தால், போர் மட்டும் ஓடும் கோடைகால அளவையே கணக்கில் எடுங்கள்.

இயந்திரத்துக்குள்ளேயே தண்ணீரை மென்மையாக்கும் பகுதி இருக்கிறது. அது எவ்வளவு கடினத்தன்மைவரை தாங்கும் என்று தாளில் ஜெர்மன் டிகிரியில் போட்டிருப்பார்கள். ஒரு டிகிரி என்பது 17.8 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 17.8 மி.கி. 35 டிகிரிவரை என்றால் சுமார் 620 பிபிஎம். 50 டிகிரிவரை என்றால் சுமார் 890 பிபிஎம். உங்கள் போர் தண்ணீர் 700 பிபிஎம் என்றால் அது 39 டிகிரி. முதல் வகை மாடல் உங்களுக்கு ஆகாது, இரண்டாவது ஆகும்.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி.வரை ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லாவிட்டால் 600வரை அனுமதிக்கலாம் என்கிறது. நம் பக்கம் பல போர்களில் 600ஐத் தாண்டிவிடும். எந்த மாடலின் வரம்பையும் தாண்டினால், வீட்டுக்கு வரும் குழாயிலேயே சாஃப்ட்னர் போட வேண்டியதுதான். டிஷ்வாஷருக்காக ஆர்ஓ போட வேண்டாம். வீணாகும் தண்ணீர் அதிகம்.

3. இடத்தை முடிவு செய்யுங்கள்

சிங்க் அலமாரிக்கு ஒட்டிய அடுத்த கட்டம்தான் சரியான இடம். தண்ணீர்க் குழாய், வடிகால், பிளக் மூன்றும் சிங்க் அலமாரிக்குள் வந்துவிடும். கழிவு ஹோஸ் நீளமாகப் போகப் போகப் பம்புக்குப் பாரம் கூடும், உள்ளே அழுக்குத் தண்ணீரும் தேங்கும்.

மூலையில் வைக்காதீர்கள். கதவைக் கீழே சாய்த்தால் அது முன்னே 60 செ.மீ.க்கு மேல் நீளும். எல் வடிவ மேடையின் மூலையில் வைத்தால், பக்கத்து டிராயரின் கைப்பிடி கதவில் இடிக்கும். மூலையைத் தவிர்க்கவே முடியாவிட்டால் நடுவே ஒரு ஒடுக்கமான நிரப்புப் பலகை விடச் சொல்லுங்கள். எதிரே இன்னொரு மேடை இருந்தால், கதவு திறந்த நிலையில் ஒருவர் நின்று குனிய இடம் வேண்டும். இரண்டு மேடைகளுக்கும் நடுவே 110 செ.மீ.யாவது இருக்கட்டும். தரையில் செய்தித்தாளை 60-க்கு 60 செ.மீ. மடித்துப் போட்டு, அதைக் கதவாக நினைத்து நின்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுப்புக்கு நேர் அடியிலும், பதித்த அவனுக்கு ஒட்டியும் வேண்டாம்.

4. இடைவெளியை அளந்து எழுதுங்கள்

அதிகத் தவறு நடக்கும் படி இது. நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் தேவை என்ன என்று பார்ப்போம். 60 செ.மீ. வகை என்று சொல்லப்படும் பதிக்கும் இயந்திரத்தின் உண்மை அகலம் 598 மி.மீ.; அதற்கு 600 மி.மீ. இடைவெளி வேண்டும். உயரம் 815 மி.மீ.; கால்களைத் திருகி 875வரை ஏற்றலாம். ஆழம் 550 மி.மீ. ஒடுக்கமான வகை 448 மி.மீ. அகலம், அதற்கு 450 மி.மீ. இடைவெளி. இவை போக 865 மி.மீ. உயர வகையும் உண்டு. பெரும்பாலான தயாரிப்புகள் இந்த அளவுகளைச் சுற்றியே இருக்கும். ஆனாலும் உங்கள் மாடலின் தாளே இறுதி.

இப்போது உங்கள் சமையலறை. உயரத்தை முன் இடது, முன் வலது, பின்புறம் என்று மூன்று இடங்களில் அளங்கள். மூன்றில் குறைந்ததை எழுதுங்கள், சராசரி வேண்டாம். அகலத்தையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களில் எடுங்கள்.

அளக்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

கிரானைட்டின் முன் பட்டை. கல் தடிமனாகத் தெரிய வேண்டும் என்று விளிம்பின் அடியில் இன்னொரு பட்டைக் கல்லை ஒட்டி மோல்டிங் செய்வார்கள். அது 18 முதல் 20 மி.மீ. கீழே தொங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஸ்கர்ட்டிங் 100, அலமாரிப் பெட்டி 720, ஆக 820 மி.மீ. உள்ளே 815 மி.மீ. இயந்திரம் தாராளமாக நிற்கும். ஆனால் முன் பட்டைக்குக் கீழே 800 மி.மீ.தான் இருக்கிறது; இயந்திரம் வாசலையே தாண்டாது. கல்லின் அடியில் டேப்பை வைக்காமல், பட்டையின் அடியில் வைத்து அளங்கள். கல் இன்னும் போடாத வீடென்றால், டிஷ்வாஷர் வரும் 600 மி.மீ. அகலத்தில் மட்டும் கூடுதல் பட்டை ஒட்ட வேண்டாம் என்று கல் வேலைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். இன்னும் நல்ல வழி, மேடையையே உயர்த்திக் கட்டுவது.

மேடைக்கு அடியில் உள்ள திண்டு. நம் வீடுகளில் மேடையின் கீழே 3, 4 இன்ச் உயரத்துக்குத் திண்டு கட்டி டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். டிஷ்வாஷர் இடத்தில் அதை உடைத்து, வெளித்தரை மட்டத்துக்கே டைல்ஸ் போட வேண்டும். உடைத்த இடத்தை மொட்டையாக விட்டால் இயந்திரம் பள்ளத்தில் நிற்கும், வெளியே இழுக்கும்போது கால் தடுக்கும். அதேபோல, இயந்திரம் பொருத்திய பிறகு பழைய தரைமேல் புது டைல்ஸ் ஒட்டினால், 10, 12 மி.மீ. தரை உயர்ந்து இயந்திரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். தரை வேலை எல்லாம் முதலில் முடியட்டும்.

கடப்பா கல் தடுப்பு. பழைய மேடைகளில் கிரானைட்டைத் தாங்கி நிற்பது செங்குத்தான கடப்பா கற்கள்தான். அவற்றுக்கு நடுவே 600 மி.மீ. இல்லையென்றால், "ஒரு கல்லை எடுத்துவிடலாம்" என்று சுலபமாகச் சொல்வார்கள். மாற்றுத் தாங்கல் கொடுக்காமல் எடுத்தால் கிரானைட்டில் விரிசல் விழும். கொத்தனாரை வைத்து இரும்பு ஆங்கிள் தாங்கல் கொடுத்த பிறகு எடுங்கள். அது முடியாதென்றால் 450 மி.மீ. இயந்திரத்தைப் பாருங்கள்.

பின்சுவர். 550 மி.மீ. ஆழம் என்பது பின்னால் குழாய் எதுவும் நீட்டிக்கொண்டு இராத இடத்துக்கு. சுவரில் பழைய குழாய் முனையோ சுவிட்ச் பெட்டியோ இருந்தால் அதன் முனையிலிருந்து அளங்கள்.

5. வகையைத் தேர்ந்தெடுங்கள்

கடைகளில் "பில்ட்-இன்" என்ற ஒரே சொல்லை வெவ்வேறு பொருளுக்குச் சொல்கிறார்கள். சொல்லை விட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள்.

முழுக்கப் பதிக்கும் வகையில் முன்பக்கம் எதுவும் தெரியாது. பட்டன்கள் கதவின் மேல் விளிம்பில் இருக்கும், கதவை மூடினால் மறைந்துவிடும். மற்ற அலமாரிகளுக்குப் போட்ட அதே ஷட்டர் இதிலும் வரும். ஓடுகிறதா என்று தெரியாது என்பதால் பல மாடல்கள் தரையில் ஒரு சிறு ஒளிப்புள்ளி விழச் செய்கின்றன. வெளிர் நிறப் பளபளப்பு டைல்ஸில் அது சரியாகத் தெரிகிறதா என்று கடையில் கேட்டுப் பாருங்கள்.

பாதி பதிக்கும் வகையில் பட்டன் பட்டை மேலே தெரியும், அதற்குக் கீழே மட்டும் ஷட்டர். வயதானவர்கள் அதிகம் பயன்படுத்தும் வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன். எவ்வளவு நேரம் மீதி என்று கண்ணால் பார்க்கலாம்.

மேடைக்கு அடியில் நுழைக்கும் வகைக்கு அதற்கென்றே உலோக முகப்பு உண்டு, ஷட்டர் கிடையாது. தனியாக நிற்கும் வகை 845 முதல் 850 மி.மீ. உயரம், சிலவற்றில் மேல்மூடியைக் கழற்றி உயரம் குறைக்கலாம், எல்லாவற்றிலும் முடியாது. இந்த இரண்டிலும் அலமாரிக் கதவை ஒட்ட முடியாது. "ஆசாரி எப்படியாவது ஒட்டித் தருவார்" என்று தனியாக நிற்கும் இயந்திரத்தை வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் கதவு ஸ்பிரிங் கூடுதல் எடைக்கு ஆனதில்லை. திறந்தவுடன் கதவு தடாலென்று விழும்.

கைப்பிடி இல்லாத, அலுமினியப் பள்ளம் ஓடும் கோலா புரொஃபைல் சமையலறை என்றால் ஒரு எச்சரிக்கை. அந்தச் சேனல் டிஷ்வாஷர் கதவின் மேல்பகுதிக்கு நேராக வந்து இடிக்கும். சேனலை அந்த அகலத்தில் எப்படி முடிப்பது என்று மாடலின் தாளை நடுவில் வைத்து, ஆசாரியுடன் உட்கார்ந்து முன்பே பேசிவிடுங்கள்.

6. மாடலை வடிகட்டுங்கள்

இப்போதுதான் கடைக்குப் போக வேண்டும். வாணலியை எடுத்துக்கொண்டு போங்கள். 13 பேர், 14 பேர் என்று போட்டிருப்பது ஐரோப்பிய மேசைத் தட்டுக் கணக்கு. நம் வாணலி, இட்லித் தட்டு, குழம்புச் சட்டி எல்லாம் கீழ்த்தட்டில் எப்படி உட்கார்கின்றன என்பதுதான் நமக்கு முக்கியம். கடைக்காரரிடம் கேட்டு வாணலியைக் கவிழ்த்து வைத்து, மேல்தட்டை உள்ளே தள்ளி, நடுவில் சுழலும் கையை விரலால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இடிக்காமல் சுற்றினால் சரி. கீழ்த்தட்டின் கம்பி வரிசைகள் மடங்குகின்றனவா, மேல்தட்டை நிறைந்த நிலையிலும் உயர்த்த முடிகிறதா என்றும் பாருங்கள். புதிதாக மேடை கட்டுபவர்களுக்கு 865 மி.மீ. உயர வகையைப் பலமாகச் சிபாரிசு செய்கிறேன். உள்ளே கூடுதலாகக் கிடைக்கும் 5 செ.மீ. நம் பாத்திரங்களுக்குப் பெரிய வரம்.

நம்பகத்தன்மைக்கு நான் பார்ப்பவை: கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார், உள்தொட்டி முழுக்க, அடிப்பகுதி உட்பட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஹீட்டர் கம்பி தொட்டிக்குள் வெளியே தெரியாமல் இருப்பது, கசிவுப் பாதுகாப்பு. கடைசியாகச் சொன்னதில் மட்டும் சமரசம் வேண்டாம். அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்தால் நிறுத்தும் மிதவை மட்டும் போதாது. குழாய் முனையிலேயே வால்வு வைத்து, ஹோஸ் கிழிந்தாலும் தண்ணீரை அங்கேயே அடைக்கும் அமைப்பு வேண்டும். தனியாக நிற்கும் இயந்திரம் கசிந்தால் தரையில் தெரியும். பதித்தது கசிந்தால் ஸ்கர்ட்டிங் பலகைக்குப் பின்னாலேயே தேங்கி, பிளைவுட் ஊதிய பிறகுதான் தெரிய வரும்.

உலர்த்தும் முறையும் பிளைவுட்டைப் பாதிக்கும். சில மாடல்கள் கழுவி முடித்ததும் தானாகக் கதவைச் சிறிது திறந்து ஆவியை வெளியே விடும். பாத்திரம் நன்றாகக் காயும், உண்மை. ஆனால் அந்த ஆவி பக்கத்து ஷட்டர்களின் மேல்விளிம்பில் படும். எட்ஜ் பேண்டிங் என்ற விளிம்புப் பட்டையை ஒழுங்காக ஒட்டாத அலமாரியில் மைக்கா உரியத் தொடங்கும். இந்த வசதி வேண்டுமென்றால் அலமாரி விளிம்புகளின் தரத்தை முதலில் பாருங்கள்.

சத்தம் பற்றி ஒரே வரி: ஹாலோடு சேர்ந்த திறந்த சமையலறைக்கு 46 டெசிபலுக்கு மேல் போகாதீர்கள்.

7. தாளை இறக்கி, இயந்திரத்தை வாங்குங்கள், அப்புறம்தான் அலமாரி

மாடல் முடிவானதும், தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடல் எண்ணுக்கான பொருத்தும் வரைபடத்தை இறக்கி அச்செடுங்கள். மாடல் எண்ணின் கடைசி எழுத்துகள்வரை ஒத்துப்போக வேண்டும். நாட்டுக்கு நாடு அதுதான் மாறும். பிளக்கும் ஹோஸும் அதோடு மாறலாம்.

அச்செடுத்த தாளை ஆசாரி, பிளம்பர், எலக்ட்ரீஷியன் மூவருக்கும் கொடுங்கள். இயந்திரத்தை முன்பே வாங்கி வைக்க இடம் இருந்தால் இன்னும் நல்லது. பெட்டியைப் பிரித்து, கால்களையும் ஷட்டர் பொருத்தும் இரும்புத் துண்டுகளையும் எண்ணிவிட்டு மூடி வையுங்கள். சிறு திருகுப் பை காணாமல் போனால் வேலை நாள்கணக்கில் நிற்கும்.

8. குழாய், வடிகால், மின்சாரம்

சிங்க்குக்கு அடியில் இருக்கும் ஆங்கிள் வால்வு பெரும்பாலும் அரை இன்ச். டிஷ்வாஷர் ஹோஸின் மரை முக்கால் இன்ச். வாஷிங் மெஷினுக்குப் போடும் முக்கால் இன்ச் குழாயை இதற்கெனத் தனியாகப் போடச் சொல்லுங்கள். சிங்க் அலமாரியைத் திறந்ததும் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். சோலார் ஹீட்டர் லைனில் கொடுக்க வேண்டாம். பெரும்பாலான இயந்திரங்களின் வரம்பு 60 டிகிரி, வெயில் காலத்தில் சோலார் தண்ணீர் அதைத் தாண்டிவிடும்.

குழாய் முனையில் வால்வு உள்ள ஹோஸின் தலை பெரிய பெட்டி போல இருக்கும். அதற்குள் மின்கம்பி ஓடுகிறது, ஹோஸை வெட்டி ஒட்ட முடியாது. அதனால் சிங்க் அலமாரியின் பக்கப் பலகையில் போடும் துளை, அந்தத் தலையும் 16 ஆம்ப் பிளக்கும் முழுதாக நுழையும் அளவுக்கு இருக்க வேண்டும். வெட்டிய துளையின் ஓரத்தில் சீலண்ட் பூசாமல் விடாதீர்கள். பிளைவுட் தண்ணீர் குடிக்க ஆரம்பிப்பது அங்கேதான்.

கழிவு ஹோஸைத் தரை ஜாலியில் செருகிவிடுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. அது தவறு. ஹோஸ் தாழ்வாக இருந்தால் சைஃபன் ஆகி, கழுவும் தண்ணீர் தானாக வெளியே ஓடிவிடும். சிங்க் தண்ணீர் இயந்திரத்துக்குள் திரும்பி வரவும் செய்யும். ஹோஸை மேடையின் அடிப்பகுதிவரை ஏற்றி வளைத்துக் கட்டி, அப்புறம் சிங்க்குக்கு அடியில் பாட்டில் போலத் தொங்கும் பாட்டில் டிராப்பில் உள்ள கிளைமுனையில் கிளாம்ப் போட்டு இணைக்க வேண்டும். பொதுவாக உயரம் 40 செ.மீ.க்குக் குறையாமலும் 1 மீட்டருக்கு மிகாமலும் இருக்கட்டும். கிளைமுனை உள்ள பாட்டில் டிராப் என்று கேட்டு வாங்குங்கள். அதன் மூடியைத் துளைக்காமல் விட்டு, முதல் ஓட்டத்திலேயே தண்ணீர் வடியாமல் நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

எலிகளை மறக்காதீர்கள். குழாய் நுழையும் சுவர் ஓட்டைகளைச் சிமெண்டும் கம்பி வலையும் வைத்து அடையுங்கள். கழிவு ஹோஸின் வாசனைக்கு எலி வந்து கடிக்கும்.

மின்சாரம்: நில இணைப்புள்ள 16 ஆம்ப் சாக்கெட், அதற்கெனத் தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்), வீட்டுக்கு 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்). இயந்திரம் 2,000 முதல் 2,400 வாட் எடுக்கும். இன்வெர்ட்டர் லைனில் கொடுக்காதீர்கள். சாக்கெட்டை இயந்திரத்துக்குப் பின்னால் வைக்கவே கூடாது. ஆழம் போதாது, ஆபத்து என்றால் பிளக்கை உருவவும் முடியாது. சிங்க் அலமாரியின் பக்கச் சுவரில், குழாய்களுக்கு மேலே சாக்கெட். மேடைக்கு மேல் அதன் சுவிட்ச்.

9. இயந்திரத்தை உட்கார வைத்துவிட்டு ஷட்டரை அறுங்கள்

தலைப்பில் சொன்னது இதைத்தான். மற்ற ஷட்டர்களோடு சேர்த்து இதையும் அறுத்துவிட ஆசாரி அவசரப்படுவார், மரத்தின் கோடு ஒன்றாக வர வேண்டும் என்பார். மைக்கா ஷீட்டில் அதன் இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும். அறுப்பது மட்டும் பிறகு.

இயந்திரத்தை முதலில் உள்ளே தள்ளுங்கள். ரசமட்டம் வைத்துக் கால்களைத் திருகுங்கள். பின்கால் முன்பக்கத்தில் உள்ள திருகைச் சுற்றினால் ஏறும் இறங்கும்; வெளியே இழுக்கத் தேவையில்லை. மட்டம் ஆனபின் பக்கத்து ஷட்டர்களின் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோடுவரை அளங்கள். அதுதான் உங்கள் ஷட்டர் உயரம். இந்த உயரம் தாளில் உள்ள வரம்புக்குள் வர வேண்டும், 815 மி.மீ. வகையில் பொதுவாக 655 முதல் 725 மி.மீ. அகலம் 600 இடைவெளியில் 594 முதல் 597 மி.மீ.

அடுத்தது எடை. தாளில் குறைந்த எடை, கூடிய எடை இரண்டும் இருக்கும். 597-க்கு 715 மி.மீ. அளவில் 18 மி.மீ. தண்ணீர் தாங்கும் ஐ.எஸ். 710 பிளைவுட், இரண்டு பக்கமும் 1 மி.மீ. மைக்கா என்றால் சுமார் 6 கிலோ வரும். அதே அளவில், மரத்தூளை அழுத்திச் செய்யும் எச்டிஎச்எம்ஆர் பலகை 8 கிலோவை நெருங்கும். கண்ணாடி ஒட்டினால் இன்னும் கூடும். அறுத்தவுடன் வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். வரம்புக்குள் இருந்தால் கதவு ஸ்பிரிங்கைத் திருகி, கதவு பாதியில் விட்டாலும் அப்படியே நிற்கும்படி வைக்கலாம்.

ஸ்கர்ட்டிங் பலகையோடு மோதலையும் இப்போதே பாருங்கள். கதவு கீழே சாயும்போது ஷட்டரின் அடிவிளிம்பு உள்நோக்கி ஸ்கர்ட்டிங்கை நோக்கிப் போகும். ஸ்கர்ட்டிங் 100 மி.மீ. இருந்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. இப்போது அழகுக்காக 60, 70 மி.மீ. வைக்கிறார்கள், அங்கே ஷட்டர் நீண்டு இடிக்கும். அதற்கு, கதவு சாயும்போது ஷட்டர் மேல்நோக்கி நகரும் கீல் உள்ள மாடல்தான் வாங்க வேண்டும். இதை 6ஆம் படியிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியோடு ஒரு காகித மாதிரி வரும். அதை ஷட்டரின் பின்பக்கம் நடுக்கோடு பார்த்து ஒட்டித் துளை போடுங்கள். திருகு நீளத்தை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். நீளத் திருகு முன் மைக்காவைக் குத்திக்கொண்டு வந்துவிடும்.

10. இறுக்குதல், முதல் ஓட்டம்

கிரானைட்டில் திருக முடியாது. அதனால் இயந்திரத்தின் பக்கத் துண்டுகளை இரு பக்க அலமாரிப் பலகைகளில் திருக வேண்டும். இதை விட்டுவிட்டால், நிறைந்த கீழ்த்தட்டை இழுக்கும்போது இயந்திரமே முன்னால் சாயும். ஒரு பக்கம் சுவராக இருந்தால் அங்கே ஒரு பிளைவுட் பட்டை அடித்துக்கொள்ளுங்கள். ஆவியைத் தடுக்கும் பட்டை பெட்டியில் வந்தால், பக்கத்துப் பலகைகளின் மேல்பகுதியிலும் தாளில் காட்டிய இடத்திலும் ஒட்டுங்கள்.

தண்ணீரை மென்மையாக்கும் பகுதிக்கு உரிய உப்புத் தொட்டியில் முதல் முறை மட்டும் தண்ணீர் நிரப்பி, பிறகு டிஷ்வாஷர் உப்பைப் போடுங்கள். சமையல் உப்பு கூடாது. கட்டிபடாமல் இருக்க அதில் சேர்க்கும் பொருள்கள் உள்ளே அடைக்கும். 2ஆம் படியில் எடுத்த கடினத்தன்மை எண்ணை இயந்திரத்தில் பதியுங்கள். வாங்கிய நாளில் இருந்த அளவிலேயே விட்டுவிட்டு, டம்ளர் வெள்ளையாகிறது என்று புகார் சொல்பவர்களே அதிகம். உப்பு போட்ட உடனே, பாத்திரம் இல்லாமல் சூடான புரோகிராமில் ஒருமுறை ஓட்டுங்கள். சிந்திய உப்பு தொட்டியில் நின்றால் அரிக்கும்.

ஓடும்போது ஸ்கர்ட்டிங் பலகை திறந்தே இருக்கட்டும். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் உலர்ந்த டிஷ்யூவை வைத்து எடுத்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரியும். இரண்டு மூன்று நாள் இப்படிப் பார்த்துவிட்டு, கழற்றி மாட்டும் கிளிப் வைத்து ஸ்கர்ட்டிங்கை மூடுங்கள். ஆணி அடிக்க விடாதீர்கள்.

தண்ணீரை அடைக்கும் குழாய் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும், வேலைக்கு வரும் அக்காவுக்கும் காட்டுங்கள். இரும்புத் தோசைக்கல், பித்தளை, ஈயச்சொம்பு, கல்சட்டி ஆகியவை உள்ளே போகக் கூடாது, அலுமினிய குக்கர் கறுத்துவிடும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

மிச்சமான மைக்காத் துண்டு, துளை போட்ட காகித மாதிரி, பொருத்தும் தாள் மூன்றையும் ஒரு கவரில் போட்டு சிங்க் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். இயந்திரத்தைக் கழற்ற வரும் ஆள் முதலில் திறக்கும் கதவு அதுதான்.